நூறு சுற்று நடந்த தாத்தா

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இந்தப் பத்திரிகையில், இங்கிலாந்து தேசத்தில் நூறு வயது வரை வாழ்ந்து 2021-ம் ஆண்டில் காலமான ஒரு முதிய பட்டாளத்துக்காரரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. காப்டன் டாம் மூர் நம் ஊராரும் அல்லர். நம் நாட்டாரும் அல்லர். நம்மை ஆண்ட அரசின் சேனையில் உத்தியோகம் பார்த்தவர். ஆனால் அவர் பிறந்ததோ நூலும் துணியுமே வாழ்வாக இருந்த ஓர் ஆலை நகரத்தில். அவர் யுத்தத்துக்குப் போனதோ நம்மவர் பெருந்தொகையினர் கால்நடையாகத் தப்பி வந்த பர்மா எல்லைக் காட்டுக்கு. அவர் கடைசியாகச் செய்த காரியமோ, ஏழையும் எளியவரும் துளித் துளியாகக் கொடுத்த பணத்தைப் பற்றியது. அவர் கண் மூடிய பிறகு அவர் பெயருக்கு நேர்ந்தவையோ, கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நம்மால் பேசாமல் விட்டுவிட இயலாதவை. ஆகவே எழுதுகிறோம்.

டாம் மூர் 1920-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி யார்க்ஷயர் மாகாணத்திலுள்ள கீத்லி என்ற ஊரில் பிறந்தார். அவ்வூரின் பெயரை நம் நெசவாளர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் நூல் நூற்கும் தொழிலின் சரித்திரத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. யார்க்ஷயரில் முதன்முதலாக ஏற்பட்ட பருத்தி நூற்பாலை 1780-ல் அவ்வூரில்தான் ஆற்று நீரின் விசையால் ஓடத் தொடங்கிற்று. பின்னர் பருத்தி அங்கிருந்து மறைந்து, நீண்ட ஆட்டு ரோமத்தைச் சீவி முறுக்கிய 'வொர்ஸ்டெட்' என்னும் கம்பளி நூல் இடம் பிடித்தது. அந்த நூலை நூற்கும் இயந்திரங்களையும் அவ்வூரிலேயே வார்த்து வெளிநாடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். மலைத்தொடரைத் தாண்டி மேற்கே போனால் லங்காஷயர். அங்கேதான் ராச்டேல் இருக்கிறது. 28 பேர் தலைக்கு ஒரு பவுன் பங்குத்தொகை போட்டு 1844-ம் ஆண்டில் கடை திறந்த அந்த ராச்டேலைப் பற்றி இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆக, நமது தொழிலும் நமது இயக்கமும் கிளைத்த மண்ணுக்குப் பக்கத்து மண்ணில் பிறந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

அவருடைய குடும்பத்தார் தறிக்காரர்கள் அல்லர். வீடு கட்டும் கொத்துவேலைக் குடும்பம். தகப்பனாருக்குக் காது கேளாது. தாயார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. பையனுக்குப் புத்தகத்தில் இருந்த பற்றைக் காட்டிலும் இயந்திரத்தில் பற்று அதிகம். பன்னிரண்டாவது வயதிலேயே ஒரு பழைய ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளைச் சொந்தமாக்கிக் கொண்டு, அதை ஓட வைப்பதே வேலையாக இருந்தாராம். அந்தப் பெயருடைய வண்டி 1955 முதல் நம் சென்னைப் பட்டணத்துத் திருவொற்றியூரில் உற்பத்தியானதை இங்கே நினைவூட்டலாம். கீத்லியில் உயர்தரப் பள்ளிப்படிப்பை முடித்து, கட்டட எஞ்சினீயர் தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தார். இரண்டாவது மகாயுத்தம் மூளாதிருந்தால், அணைக்கட்டும் குழாயும் பார்த்துக்கொண்டு அவ்வூரிலேயே காலம் கழித்திருப்பார்.

1940-ல், இருபதாவது வயதில், கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு, வெலிங்டன் பிரபுவின் பெயர் தாங்கிய பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தப் பட்டாளத்தின் முன்னோர்கள் நமக்குப் பழைய அறிமுகம். 33-வது காலாட்படை என்ற பெயரோடு 1799-ல் திப்பு சுல்தான் மீது படையெடுத்து ஸ்ரீரங்கப்பட்டணத்து மதிலடியில் நின்றவர்கள் அவர்கள். அது நிற்க. 1941-ல் டாம் மூர் அதிகாரிப் பயிற்சியில் தேறி இரண்டாவது லெப்டினன்ட் ஆனார். அதே ஆண்டில் அப்பட்டாளத்தின் சில பிரிவுகள் காலாட்படை என்ற நிலையிலிருந்து டாங்கிப் படையாக மாற்றப்பட்டன. இயந்திரப் பைத்தியமான அந்த இளைஞருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்! இந்தியாவுக்கு வந்த 146-வது டாங்கிப் படையில் அவரும் கப்பலேறினார். பம்பாய்க்கு வந்து சேர்ந்ததும், மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் என்ற பேரால், சிப்பாய்களுக்கு அந்த வித்தையைக் கற்றுக் கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. சண்டைக்கென்று வந்தவர் முதலில் வாத்தியாராகவே இங்கு வேலை பார்த்தார்.

பிறகு அரக்கான். பர்மாவின் மேற்குக் கரையோரமாக மலையும் சேறும் மூங்கிற் புதருமாகக் கிடக்கும் நாடு அது. இந்தப் பெயரை நம் பக்கத்தில் வயது முதிர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது, அங்கே வட்டிக்கடையிலும் துறைமுகத்திலும் நெல் வயலிலும் பிழைத்து வந்த நம்மவர்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு வடக்கே நடந்தார்கள். அவர்கள் வந்த வழிகளில் ஒன்று, டவுங்கப் கணவாயைத் தாண்டி அரக்கான் கடற்கரை ஓரமாகச் சிட்டகாங்குக்கு வருவது. வழியில் காலரா கண்டும் தாகத்தாலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெழுதவில்லை. அந்த வழியே நம் பாட்டன்மார் வெளியேறினார்கள். அந்த வழியே பதினான்காவது சேனை உள்ளே போயிற்று.

பதினான்காவது சேனையை 'மறக்கப்பட்ட சேனை' என்று பிரிட்டிஷார் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அதன் தளபதி வில்லியம் ஸ்லிம். பெயர்தான் பிரிட்டிஷ் சேனை. அதில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். ஆற்றுக்குப் பாலம் போட்டும் சேற்றில் பாதை அமைத்தும் அதை நடத்திச் சென்றவர்களில் நம் மதராஸ் ஸாப்பர்களும் இருந்தார்கள். ஆகவே டாம் மூருடைய சேனை அவருடையது மாத்திரம் அன்று. நம் ஜில்லாக்களில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில், கண்ணாடி மங்கிய படங்களில், காக்கிச் சட்டையுடன் நிற்கும் தாத்தாமார்களுடைய சேனையும் அதுவே.

அந்தக் காட்டில் குண்டுக்கு அஞ்சியதைவிடக் கொசுவுக்கு அஞ்சவேண்டியிருந்தது. காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்டவர் ஒருவர் என்றால், நோய் கண்டு அனுப்பப்பட்டவர் 120 பேர் என்று 1943-ம் ஆண்டு நிலைமையைத் தளபதி ஸ்லிம் பின்னர் தமது நூலில் எழுதினார். மலேரியாவுக்கு மெப்பாக்ரின் மாத்திரையைத் தினந்தோறும் விழுங்கி மேனி மஞ்சள் பூத்துத் திரிந்தார்கள். டாம் மூரும் டெங்குக் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். சண்டையும் எளிதாக இருக்கவில்லை. 1943 பிப்ரவரி முதல் தேதி டோன்பைக் என்னும் இடத்தில் ஜப்பானியரின் பதுங்கு குழிகளை உடைக்க அவருடைய படைப் பிரிவைச் சேர்ந்த எட்டு வாலண்டைன் டாங்கிகள் அனுப்பப்பட்டன. அந்தத் தாக்குதல் தோற்றது; டாங்கிக்குள்ளேயே மாண்டவர்கள் பலர். கூட இருந்து தேநீர் குடித்தவன் மாலையில் இல்லை என்ற அனுபவத்தை இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் பெற்றவர்கள் அந்தத் தலைமுறையினர். அவர்களில் பலர் வீடு திரும்பிய பிறகு அதைப்பற்றி வாய் திறந்ததே இல்லை. நம் ஊர்ப் பட்டாளத்துத் தாத்தாக்களும் அப்படித்தான் இருந்தார்கள். தகரப்பெட்டியில் மெடலை வைத்துப் பூட்டிவிட்டு வயலுக்கோ தறிக்கோ போய்விட்டார்கள்.

காப்டன் பதவி பெற்ற டாம் மூர், புதிய ரகச் சர்ச்சில் டாங்கியைப் பழுது பார்க்கும் வித்தையைப் பயில 1945 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அங்கேயே போவிங்டன் பயிற்சிப் பாடியில் போதகராக இருந்து, 1946-ல் சேனையை விட்டு நீங்கினார்.

இதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம் பத்திரிகைகளில் ஒரு வரிச் செய்தியாகவே வந்தது. நமக்கோ அதுதான் அவர் வாழ்க்கையின் நடுநாயகமாகத் தோன்றுகிறது. தம்முடன் பர்மாவில் இருந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூட்டுவிக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். 64 ஆண்டுகள் அதை விடாமல் நடத்தினார். சங்கத்தில் காரியதரிசியாக இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மகாசபைக்கு ஒரு தடவை நோட்டீசு அனுப்பி, அங்கத்தினர்களை வரவழைத்து, உட்காரவைத்து, சாப்பாடு போட்டு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. விலாசம் மாறியவரைத் தேட வேண்டும். கோபித்துக்கொண்டவரைச் சமாதானம் செய்ய வேண்டும். இறந்தவர் பெயரை ஜாபிதாவிலிருந்து அடிக்க வேண்டும். ஜாபிதா ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே போகும் ஒரு சங்கத்தின் காரியதரிசியாக 64 ஆண்டுகள் இருப்பதற்குச் சம்பளமும் இல்லை, புகழும் இல்லை. நூறாவது வயதில் உலகம் அவரைப் புகழ்ந்தது. நாமாயிருந்தால் இதற்காகவே முன்கூட்டிப் புகழ்ந்திருப்போம்.

பிழைப்புக்காக அவர் கூரை வேயும் சாமான்களை விற்கும் கம்பெனியில் விற்பனையாளராக ஊர் ஊராக அலைந்தார். பின்னர் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு கான்கிரீட் சாமான் தொழிற்சாலைக்கு நிர்வாகியானார். அதன் உடைமையாளர்கள் அதைக் கைவிட எண்ணியபோது, முதல் போடக் கூடியவர்களைத் திரட்டி, தொழிற்சாலையைத் தாங்களே வாங்கி, ஆட்களுக்கு வேலை போகாமல் நடத்தினார். அதைக் கூட்டுறவு என்று சொல்ல மாட்டோம். பங்கு முதலுக்கு ஏற்றபடி உரிமை என்ற கம்பெனி முறைதான் அது. எனினும், மூடப்படவிருந்த ஆலையைக் கண்டு அழுதுகொண்டிராமல், 'எடுத்து நடத்தினால் என்ன?' என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த நூற்பாலைகளும் நெசவாளர் சங்கங்களும் நம்மிடையே இருக்கின்றன. ஓய்ந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடிக் கோப்பைகளும் வாங்கினார்.

முதல் விவாகம் நிலைக்கவில்லை. 1968-ல், நாற்பத்தெட்டாவது வயதில், பமேலா என்ற மாதை மணந்து இரண்டு பெண்களுக்குத் தகப்பனானார். முதுமையில் அந்த அம்மையாருக்கு நினைவு தப்பும் வியாதி கண்டது. அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டு, அத்துடன் கடமை தீர்ந்தது என்று இராமல், நாள்தோறும் போய் அருகில் உட்கார்ந்திருந்தாராம். 2006-ல் மனைவி இறந்தார். சில காலம் கழித்துப் பெட்ஃபோர்டு பக்கத்திலுள்ள கிராமத்தில் இளைய மகள் வீட்டோடு குடியேறிப் பேரன் பேத்திகளுடன் வாழ்ந்தார். 2018-ல் கீழே விழுந்து இடுப்பெலும்பும் விலா எலும்பும் முறிந்தன. இனி எழுந்து நடப்பதே துர்லபம் என்ற நிலையிலிருந்து, சர்க்கார் ஆஸ்பத்திரியின் வைத்தியர்களும் தாதிகளும் அவரை நிமிர்த்தி, நான்கு கால் நடைவண்டி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இங்கிலாந்தில் 1948 முதல் பணக்காரர், ஏழை என்ற பேதமின்றி எல்லாருக்கும் வைத்தியம் செய்யும் தேசிய சுகாதார சேவை நடந்து வருகிறது. அதற்குத் தாம் பட்ட நன்றிக்கடன் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் உலகம் கதவடைத்துக்கொண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. நம் நாட்டில் மார்ச்சு 25 முதல் ஊரடங்கு. பாவு இருந்தும் ஊடை வரவில்லை; துணி இருந்தும் வாங்குவார் இல்லை; விளைந்த காய்கறியை மாட்டுக்குப் போட்டார்கள். இங்கிலாந்திலும் அதே கதிதான். முதியவர்கள் வெளியே தலைகாட்டக் கூடாது. தொண்ணூற்றொன்பது வயதான டாம் மூர் தம் வீட்டு முற்றத்தில் ஏப்ரல் 6-ந் தேதி நடக்கத் தொடங்கினார். ஒரு நடைக்கு 25 மீட்டர். ஏப்ரல் 30-ல் நூறு வயது பூர்த்தியாவதற்குள் நூறு நடை. ஒரு நாளைக்குப் பத்து வீதம். அதற்காக மனமிருப்பவர்கள் நன்கொடை அளித்தால், சுகாதார சேவையின் ஊழியர்களுக்கும் நோயாளிகளுக்கும் உதவும் தர்ம ஸ்தாபனங்களுக்கு அதைக் கொடுப்பது. இலக்கு 1,000 பவுன். ஏற்பாடு இவ்வளவே.

நூறு நடையைக் கூட்டினால் இரண்டரைக் கிலோமீட்டர். இது ஒரு பெரிய தூரமா என்று நம் நெசவாளர்கள் சிரிக்கக்கூடும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, அது காய்வதற்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கும் ஒரு குடும்பம் ஒரே காலைப் பொழுதில் அதைப்போல் பல மடங்கு நடந்துவிடும். ஆனால் நடைவண்டியின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முறிந்து ஒட்டிய இடுப்போடு, மார்பில் மூன்று மெடல்களைக் குத்திக்கொண்டு, ஒவ்வோர் அடியாக அந்த முதியவர் வைத்ததை அவர்கள் நேரில் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் அடைபட்டுத் துக்கச் செய்தி ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, நடக்கின்ற ஒரு மனிதரைப் பார்ப்பதே மருந்தாயிற்று. ரேடியோவும் டெலிவிஷனும் செய்தியைக் கொண்டுபோயின. பணம் வரத் தொடங்கிற்று.

ஏப்ரல் 16-ந் தேதி நூறாவது நடை. அவருடைய பழைய பட்டாளம் பின்னாளில் இணைந்துவிட்ட யார்க்ஷயர் பட்டாளத்துச் சிப்பாய்கள் இருபுறமும் இடைவெளி விட்டு நின்று மரியாதை செய்தார்கள். அப்போதே நிதி ஒரு கோடிப் பவுனைத் தாண்டிவிட்டது. கிழவர் நிறுத்தவில்லை, இன்னொரு நூறு நடக்கிறேன் என்றார். பிறந்த நாளன்று கணக்கை முடித்தபோது வந்திருந்த தொகை 3 கோடியே 27 லட்சம் பவுனுக்கு மேல். நன்கொடை கொடுத்தவர் செலுத்திய வருமான வரியில் ஒரு பங்கைச் சர்க்கார் தர்மத்துக்கே திருப்பித் தரும் ஏற்பாடு அங்கே உண்டு. அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம்.

இந்த இடத்தில் நம்முடைய தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை, வகுத்துப் பார்த்தோம். வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை 15 லட்சத்துக்கு மேல். வரிப்பங்கை நீக்கிப் பார்த்தால் சராசரி ஒரு நன்கொடைக்கு 22 பவுன்கூட இல்லை. அதாவது, ஒரு பிரபு தூக்கிப் போட்ட மூட்டை அன்று இது. கூலிக்காரரும் உபகாரச் சம்பளக்காரரும் பள்ளிப் பிள்ளையும் போட்ட காசு. ராச்டேலின் 28 பவுனும் இவ்விதம் வந்ததுதான். இப்படி வரும் பணத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பெரிய தனவான் ஒருவர் கொடுத்தால் அவரே வந்து கணக்குக் கேட்பார். பதினைந்து லட்சம் பேர் கொடுத்தால், ஒவ்வொருவரும் மற்றவர் கேட்பார் என்று இருந்துவிடுவர்.

அதன் பிறகு நடந்த விமரிசைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பாடகருடனும் சுகாதார ஊழியர்களின் பாட்டுக்குழுவுடனும் சேர்ந்து அவர் குரல் கொடுத்த இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வாழ்த்து அட்டைகள் வந்து, பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பரப்பி வைக்கப்பட்டன. யுத்தகால விமானங்கள் வீட்டின் மேலே பறந்தன. கௌரவக் கர்னல் பட்டம் வந்தது. ஜூலை 17-ந் தேதி, 94 வயதான எலிஸபெத் ராணியார் விண்ட்ஸர் கோட்டையின் திறந்த வெளியில், தம் தந்தையார் ஆறாம் ஜார்ஜின் வாளை எடுத்து அவர் தோளில் வைத்து 'ஸர்' பட்டம் அளித்தார். அந்த ஆறாம் ஜார்ஜின் சிப்பாயாகத்தான் அவர் அரக்கானுக்குப் போயிருந்தார்.

2021 ஜனவரியில் நிமோனியா கண்டது, கொரோனாவும் தொற்றிற்று. பிப்ரவரி 2-ந் தேதி பெட்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். நோய்க் கட்டுப்பாட்டினால் அடக்கத்துக்குக் குடும்பத்தார் எட்டுப் பேரே வந்தார்கள். யார்க்ஷயர் பட்டாளத்துச் சிப்பாய்கள் ஆறு பேர் பெட்டியைச் சுமந்தார்கள். மேலே ஒரு டகோட்டா விமானம் பறந்து சென்றது. பர்மாக் காட்டில் பாதையற்ற இடங்களில் கிடந்த சேனைக்கு அரிசியும் தோட்டாவும் ஆகாயத்திலிருந்து போட்ட விமானம் அந்த ரகந்தான்.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. பெரியவர் உயிரோடு இருந்த 2020-ம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டது. நடந்து திரட்டிய 3 கோடியே 89 லட்சம் வேறு. இந்த ஸ்தாபனத்தின் பணம் வேறு. முன்னது முழுவதும் சுகாதார சேவையின் தர்மங்களுக்கே போய்ச் சேர்ந்தது. அதைப்பற்றி எந்த விசாரணையும் நடைபெறவில்லை. பின்னதைப் பற்றித்தான் புகார்கள் எழுந்தன. அங்கே தர்ம ஸ்தாபனங்களைக் கண்காணிக்க ஒரு கமிஷன் இருக்கிறது. நம் இலாகாவின் தணிக்கையும் சட்டபூர்வ விசாரணையும் போன்ற அதிகாரம் உடையது. அது 2022 ஜூனில் விசாரணை தொடங்கி, 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது.

அறிக்கை கூறுவது இது. பெரியவருடைய சுயசரிதம் முதலிய புத்தகங்களுக்காகப் பிரசுரகர்த்தர்கள் தந்த ஏறத்தாழ 14 லட்சத்து 70 ஆயிரம் பவுன், குடும்பத்தாரின் சொந்தக் கம்பெனிக்குச் சென்றது. புத்தகம் வாங்கினால் ஸ்தாபனத்துக்கு உதவியாகும் என்று ஜனங்கள் நம்ப இடமிருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்திலிருந்து ஸ்தாபனத்துக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு பகுதியையாவது கொடுங்கள் என்று கமிஷன் இருமுறை சொல்லியும் கொடுக்கப்படவில்லை. வீட்டு வளவில் ஸ்தாபனத்தின் பெயரைச் சொல்லி அனுமதி பெற்ற கட்டடம், அனுமதித்ததைவிடப் பெரிதாக, நீராடும் தொட்டியுடன் எழும்பியது; அது அதிகாரிகளின் உத்தரவுப்படி 2024-ல் இடிக்கப்பட்டது. மகளும் மருமகனும் தர்மத்துக்கும் குடும்பத்துக்கும் இடையிலுள்ள எல்லையைத் திரும்பத் திரும்ப மங்கச் செய்தார்கள் என்பது கமிஷனின் முடிவு. தர்ம ஸ்தாபனங்களில் பொறுப்பு வகிக்க அவர்களுக்குப் பல ஆண்டுகள் தடை விதிக்கப்பட்டது. நன்கொடைப் பணத்தில் ஒரு காசும் எடுக்கவில்லை என்றும், தங்களை நியாயமாக நடத்தவில்லை என்றும் குடும்பத்தார் சொன்னார்கள். அதையும் பதிவு செய்வது நம் கடமை.

அவர்களைத் தூற்றுவது நம் நோக்கமன்று. தகப்பனாரை நூறு வயது வரை வீட்டில் வைத்துப் போற்றியவர்கள் என்பதும் உண்மையே. ஆனால் நாம் சங்கம் சங்கமாகப் போய்ப் பேரேட்டைப் புரட்டுகிறவர்கள். ஸ்தாபகரின் வீட்டுத் திண்ணையிலேயே சங்கத்தின் பெட்டி இருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறோம். எந்த ஊர் என்பது வேண்டாம். பெட்டியில் பணம் குறைந்ததே என்று கேட்டால், "ஐயா, இந்தச் சங்கமே எங்கள் தாத்தா உண்டாக்கியது" என்று பதில் வரும். திருட்டுப் புத்தி என்று அதைச் சொல்ல முடியாது. தாத்தாவின் மேஜை, தாத்தாவின் சாவி, தாத்தாவின் பெயர் என்று பழகிய வீட்டில், சங்கத்தின் ரசீதுப் புத்தகமும் அந்தச் சாமான்களில் ஒன்றாகிவிடுகிறது. மேஜையைப் பாகம் பிரிக்கலாம். பெயரை எப்படிப் பிரிப்பது? பதினைந்து லட்சம் பேர் காசு போட்டு வாங்கிய பெயர் அது. அவ்வளவு பேரும் அதில் பங்குதாரர்கள். அந்தப் பங்குக்குச் சர்ட்டிபிகேட் இல்லை என்பதுதான் குறை. பெயரை உபயோகித்து வந்த வரவு இன்னதென்று முதல் நாளிலேயே ஒரு தனிப் பேரேடு போட்டிருந்தால், வழக்கே எழுந்திராது என்பது நம் அபிப்பிராயம். அன்பு நிறைந்த குடும்பங்களில்தான் இந்தப் பேரேட்டைப் போடுவதற்குக் கூச்சப்படுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கிழவரின் பெயர் கெட்டதா? அங்குள்ள பத்திரிகைகளில் சிலர் அப்படி எழுதினார்கள். நாம் உடன்படவில்லை. சுகாதார சேவையின் தர்மங்கள் மூலமாக நோயாளிகளுக்கும், இரவு பகல் உழைத்துக் களைத்த தாதிகளுக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது உண்மை. அறுபத்து நான்கு ஆண்டு நோட்டீசு அனுப்பியது உண்மை. மனைவிக்குத் தம்மை அடையாளம் தெரியாத காலத்திலும் போய் உட்கார்ந்தது உண்மை. கமிஷன் அறிக்கையின் எந்தப் பக்கமும் இவற்றைத் தொடவில்லை.

இறப்பதற்கு முன்பே தம் சாம்பலைக் கீத்லியில் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் உள்ள இடத்தில் வைக்க வேண்டுமென்று அவர் சொல்லியிருந்தார். மாளிகை போன்ற சமாதி வேண்டாம்; யுத்தத்தில் மாண்டவர்களுக்கு வரிசையாக நட்டிருக்கிறார்களே, அதுபோல ஒரு சின்ன வெள்ளைக் கல் போதும் என்றார். யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைகள் பர்மாவில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிரிட்டிஷார் பெயரும் நம்மவர் பெயரும் அங்கே காணப்படும். கல்லில் என்ன எழுதுவது என்றும் அவரே தீர்மானித்திருந்தார். தமக்கு வயதாகிவிட்டது என்று தாம் முன்பே சொன்னதை நீங்கள்தான் கேட்கவில்லை என்னும் பொருள்பட ஒரே வரி.